ஒரே பொருளுக்கு இரண்டு பட்டை இடைவெளி: நாகர்கோவில் மென்படல ஆய்வகத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

நாகர்கோவிலை ஒட்டிய கல்லூரி ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருவர், கண்ணாடி ஸ்லைடுகளில் டைட்டானியம் டை ஆக்சைடு மென்படலம் பூசி அதன் ஒளியியல் பண்புகளை அளந்திருந்தார். ஒரு பூச்சு மட்டும் போட்ட படலத்துக்குப் பட்டை இடைவெளி, அதாவது ஒளியை விழுங்கி எலக்ட்ரான் மேலே தாவத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், 3.71 எலக்ட்ரான் வோல்ட் என்று வந்தது. ஐந்து பூச்சு போட்டதற்கு 3.48. தடிமன் கூடக்கூட இடைவெளி குறைகிறது, ஆகவே இது, துகள் மிகச் சிறுத்தால் இடைவெளி அகலும் குவாண்டம் அடைப்பு விளைவு என்று கட்டுரை எழுதி ஆய்விதழுக்கும் அனுப்பியாயிற்று. மதிப்பீட்டாளரிடமிருந்து திரும்பி வந்தது ஒரே ஒரு கேள்விதான்: எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு) கணக்குப்படி படிகத்துகள் 18 நானோமீட்டர் என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்புறம் குவாண்டம் அடைப்பு எங்கிருந்து வந்தது?

நியாயமான கேள்வி. டைட்டானியம் டை ஆக்சைடில் அந்த விளைவு தெரிய வேண்டுமானால் துகள் ஓரிரு நானோமீட்டர் அளவுக்குச் சிறுக்க வேண்டும். 18 என்பது அதற்கு வெகு தூரம். அனடேஸ் வகைப் படிகத்தின் பட்டை இடைவெளி ஏறத்தாழ 3.2 எலக்ட்ரான் வோல்ட், இன்னொரு படிக வகையான ரூட்டைலுக்கு 3.0. இந்தப் படலங்கள் 450 டிகிரி செல்சியஸில் சுட்டவை. எக்ஸ்ஆர்டியில் அனடேஸ் மட்டுமே தெரிகிறது. 3.2-ஐ ஒட்டி இருக்க வேண்டிய எண் கால், அரை எலக்ட்ரான் வோல்ட் விலகி நிற்கிறது. அதுவும் எத்தனை பூச்சு என்பதற்கு ஏற்ப நகர்கிறது.

மாணவியின் நெறியாளர் எனக்குப் பழைய பழக்கம். "ஃபைல் எல்லாம் அனுப்புறேன், ஒரு எட்டு வந்து பாருங்க" என்றார். பார்த்ததில் தெரிந்தது: அளவீடு ஒன்றும் மோசமில்லை. ஸ்பெக்ட்ரோமீட்டர் தந்த வளைகோடுகள் நேர்மையானவை. வளைகோட்டிலிருந்து எண்ணுக்குப் போகிற வழியில்தான் பல இடங்களில் கால் இடறியிருந்தது. ஒவ்வொரு இடறலும் தனியாகப் பார்த்தால் சின்னது. சேர்ந்தபோது ஒரு புதிய இயற்பியல் விளைவே பிறந்துவிட்டது.

படலம் போட்ட விதம்

இந்த மாவட்டத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு ஆய்வேடு எதைத் திறந்தாலும் முதல் அத்தியாயத்தில் மணவாளக்குறிச்சி வரும். வரத்தான் செய்யும். அங்குள்ள கடற்கரை மணலில் இல்மனைட்டும் ரூட்டைலும் இருக்கின்றன, கூடவே சிர்க்கான், மோனசைட், கார்னெட். மத்திய அரசின் அருமண் நிறுவனம் அங்கேயே மணலைப் பிரித்தெடுக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் பயன்படுவது பாட்டிலில் விலைக்கு வாங்கும் டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடு. மணலுக்கும் படலத்துக்குமான உறவு பெரும்பாலும் அந்த முதல் அத்தியாயத்தோடு முடிந்துவிடும்.

அந்தத் திரவத்துக்கு ஈரம் ஆகாது. காற்றிலுள்ள நீராவி பட்டாலே வெள்ளையாகத் திரிந்துவிடும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் வந்து பெய்கிற ஊரில் இது பெரிய தலைவலி. மாணவி ஐசோபுரொப்பனாலில் கரைத்து, அசிட்டைல் அசிட்டோன் சேர்த்து நிலைப்படுத்தியிருந்தார். கரைசல் தெளிந்த மஞ்சள் நிறத்தில் இருந்தது. அந்த வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார். ஸ்லைடை மோட்டாரில் கட்டி கரைசலில் முக்கி, சீரான வேகத்தில் மேலே இழுத்து, உலர்த்தி, ஃபர்னஸில் சுடுவது. இது ஒரு பூச்சு. ஐந்து பூச்சு வேண்டுமென்றால் இதையே ஐந்து முறை.

வளைகோடு சொன்ன முதல் சேதி

ஐந்து பூச்சுப் படலத்தின் ஒளி ஊடுருவல் வளைகோடு கண்ணுக்கு இனியதாக இருந்தது. கண்ணுறு ஒளிப் பகுதியில் அலையலையாக ஏறி இறங்கி, 370 நானோமீட்டருக்குக் கீழே செங்குத்தாகச் சரிந்தது. 693 நானோமீட்டரிலும் 483-லும் முகடு; இடையே 566-ல் பள்ளம். படலத்தின் மேற்பரப்பில் எதிரொளித்த ஒளியும், கண்ணாடியோடு ஒட்டும் பரப்பில் எதிரொளித்த ஒளியும் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வருகிற அலைகள் இவை.

இந்த அலைகளிலிருந்து ஒளிவிலகல் எண்ணையும் தடிமனையும் எடுக்கும் வழியை ஸ்வானெபோல் என்ற ஆய்வாளர் 1983-ல் எழுதினார். அவர் எடுத்துக்கொண்டது படிக ஒழுங்கில்லாத சிலிக்கான் படலம். முறை எளிது. முகடுகளை ஒரு கோட்டாலும் பள்ளங்களை ஒரு கோட்டாலும் இணைக்க வேண்டும். பள்ளம் எவ்வளவு ஆழமோ, அவ்வளவுக்குப் படலத்தின் ஒளிவிலகல் எண் கண்ணாடியினுடையதைவிடக் கூடுதல். அலைகள் எந்த அலைநீளத்தில் நிற்கின்றன என்பதோ ஒளிவிலகல் எண்ணையும் தடிமனையும் பெருக்கிய தொகையை மட்டும் சொல்லும். ஆழத்திலிருந்து ஒளிவிலகல் எண், இடத்திலிருந்து பெருக்குத்தொகை, இரண்டையும் வைத்துத் தடிமன்.

வெறும் கண்ணாடி 91.8 சதவீதம் ஒளியைக் கடத்தியது. அதிலிருந்து கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52. இதுவரை சரி. 566-ல் இருந்த பள்ளத்தின் அடி 65.4 சதவீதம். சூத்திரத்தில் போட்டால் படலத்தின் ஒளிவிலகல் எண் 2.36, தடிமன் 300 நானோமீட்டர். அனடேஸுக்குப் புத்தகத்தில் இருப்பது ஏறத்தாழ 2.5. இப்படிக் கரைசலில் தொடங்கிச் சுட்டெடுக்கும் சோல்-ஜெல் முறையில் வந்த படலத்தில் கொஞ்சம் நுண்துளை இருக்கும் என்பதால் 2.36 என்பது எல்லோருக்கும் திருப்தியாக இருந்தது.

சந்தேகம் வந்தது வேறு பக்கத்திலிருந்து. களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பி, ஊசிமுனையால் படிக்கட்டு உயரத்தை வருடிப் பார்க்கும் ப்ரொஃபைலோமீட்டரில் தடிமன் எடுத்தபோது 350 நானோமீட்டர் வந்தது. ஒரு பூச்சுப் படலத்துக்கு 70. மாணவி 300-ஐ ஐந்தால் வகுத்து 60 என்று எழுதியிருந்தார். 50 நானோமீட்டர் வித்தியாசம் அந்தக் கருவியின் பிழைக்குள் அடங்காது. 350 சரியென்றால், அலைகள் நிற்கும் இடத்தின்படி 566-ல் ஒளிவிலகல் எண் 2.02 ஆக வேண்டும். ஆழம் 2.36 என்கிறது, இடமும் ஊசியும் சேர்ந்து 2.02 என்கின்றன.

இதைப் பேசிக்கொண்டிருக்கும்போது ஆய்வக உதவியாளர் ஸ்லைடை டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மக்ளே, ரெண்டு பக்கமும் கலரு அடிக்குல்லா. இதுல படலம் எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமுந்தான் அண்ணாச்சி. முக்கி எடுத்தா ரெண்டு பக்கமும் ஒட்டத்தானே செய்யும்."

படலம் இரண்டு பக்கமும் இருப்பது மாணவிக்குத் தெரியும். சூத்திரத்துக்குத் தெரியாது. ஸ்வானெபோலின் சூத்திரம் ஒரு பக்கம் படலம், மறுபக்கம் வெறும் கண்ணாடி என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. ஒளிவிலகல் எண் 2.02 உள்ள படலம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் 566-ல் பள்ளம் 76.4 சதவீதத்தில் நிற்கும். மறுபக்கமும் அதே படலம் இருந்தால் அங்கேயும் 21 சதவீத எதிரொளிப்பு சேர்ந்துகொள்ளும், பள்ளம் 65.4-க்கு இறங்கும். அளந்தது அச்சாக அதே 65.4. அந்தக் கூடுதல் ஆழம் முழுவதையும் சூத்திரம் ஒளிவிலகல் எண்ணின் தலையில் கட்டியது, 2.02 போய் 2.36 ஆனது.

இந்தப் பிழையில் பொல்லாத அம்சம், அது விடையைப் புத்தகத்தை நோக்கித் தள்ளியதுதான். 1.6 என்றோ 3.1 என்றோ வந்திருந்தால் அன்றே யாராவது நிறுத்திக் கேட்டிருப்பார்கள். இப்படி முக்கி எடுக்கும் டிப் கோட்டிங் படலங்களுக்கு இந்த ஒரு பக்கச் சூத்திரத்தை அப்படியே போட்டு எழுதிய கட்டுரைகள் எத்தனை இருக்கும் என்று நினைத்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஸ்லைடின் பின்பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் நன்றாகத் தீட்டிவிட்டு முன்பக்கத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கறுப்பு, பின்பக்க எதிரொளிப்பைப் பெருமளவு விழுங்கிவிடும். தெரிகிற ஊதாவும் பச்சையும் முன்பக்கப் படலத்தினுடையது. திருப்பிப் போட்டு இதையே செய்தால் மறுபக்கம் தெரிந்துவிடும். சுட்ட பிறகு அனடேஸைத் துடைத்து எடுக்க முடியாது; ஹைட்ரோபுளோரிக் அமிலமெல்லாம் கல்லூரி ஆய்வகத்தில் நினைக்கவே கூடாது. ஆகவே படலங்களைப் புதிதாகப் போடச் சொன்னோம். ஒவ்வொரு முறை முக்கி எடுத்ததும், சூடு காட்டுவதற்கு முன், ஐசோபுரொப்பனாலில் நனைத்த பஞ்சால் பின்பக்கத்தை விளிம்புவரை துடைப்பது. புதிய ஐந்து பூச்சுப் படலத்தின் பள்ளம் 76 சதவீதத்தை ஒட்டி நின்றது. ஒளிவிலகல் எண் 2.02, சூத்திரத் தடிமனும் ஊசித் தடிமனும் 350-ல் ஒத்துப்போயின.

இல்லாத உட்கவர்தல்

தடிமன் பிழைதான் பட்டை இடைவெளியைக் கெடுத்தது என்று நெறியாளர் முடிவுகட்டப் பார்த்தார். அது இல்லை. பொருள் ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று காட்டும் உட்கவர் குணகம் என்பது ஊடுருவலின் மடக்கையைத் தடிமனால் வகுத்து வருவது. தடிமன் தப்பென்றால் எல்லா ஆற்றலிலும் குணகம் ஒரே விகிதத்தில் கூடும் அல்லது குறையும். குணகத்திலிருந்து பட்டை இடைவெளி எடுக்கப் போடும் டாக் வரைபடத்தில் கோட்டின் சாய்வு மாறும். கோடு ஆற்றல் அச்சைத் தொடும் இடம், அதாவது பட்டை இடைவெளி, அசையாது. தடிமனே தெரியாமல்கூடப் பட்டை இடைவெளி எடுக்கலாம், மற்றதெல்லாம் சரியாக இருந்தால்.

மற்றதுதான் சரியாக இல்லை. மாணவி போட்டிருந்த சூத்திரம்: ஊடுருவலின் தலைகீழியை எடுத்து, அதன் இயல் மடக்கையைத் தடிமனால் வகுப்பது. எதிரொளித்துத் திரும்பிப் போன ஒளியை இதில் கணக்கில் எடுக்கவே இல்லை. கண்டுபிடிப்பானுக்கு வந்து சேராத ஒளி எல்லாமே படலம் தின்ற ஒளி என்று ஆகிவிட்டது.

566 நானோமீட்டரில் டைட்டானியம் டை ஆக்சைடு ஒளியை உட்கவராது. அது கண்ணாடிபோலத் தெளிந்த பொருள். ஆனால் அவருடைய அட்டவணையில் அந்த அலைநீளத்தில் ஐந்து பூச்சுப் படலத்துக்கு உட்கவர் குணகம் ஒரு சென்டிமீட்டருக்கு 14,000 என்று இருந்தது. ஒரு பூச்சுப் படலத்துக்கு 70,000. சரியாக ஐந்து மடங்கு. இரண்டு படலத்துக்கும் பள்ளம் தற்செயலாக அதே அலைநீளத்தில், அதே 65 சதவீதத்தில் இருந்தது. அதே இழப்பை ஒன்றில் 300-ஆலும் மற்றதில் 60-ஆலும் வகுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். படலத்தின் உள்ளே நடப்பது எதுவும் இந்த எண்களில் இல்லை. இரண்டு பரப்பில் பட்டுத் திரும்பிய ஒளிக்குத் தடிமன் ஒரு பொருட்டல்ல.

இந்த வழக்கில் நான் மிகவும் முக்கியமென்று நினைப்பது இந்த இரண்டு எண்களைத்தான். உட்கவர் குணகம் பொருளின் பண்பு. ஒரே கரைசல், ஒரே சூடு என்றால் ஒரு பூச்சோ ஐந்து பூச்சோ குணகத்தின் வளைகோடு ஒன்றாகத்தான் விழ வேண்டும். டாக் வரைபடத்துக்குப் போவதற்கு முன்பே, வெவ்வேறு தடிமனுள்ள படலங்களின் குணகத்தை ஒரே தாளில், மடக்கை அளவுகோலில் வரைந்து பார்த்திருந்தால் விஷயம் அன்றே வெளிச்சமாகியிருக்கும். மாணவியிடம் வரையச் சொன்னோம். ஒன்றுக்கு மேல் ஒன்றாக எங்குமே ஒட்டாமல் இரண்டு வளைகோடுகள். அதைப் பார்த்த பிறகு குவாண்டம் அடைப்பு பற்றி அவரே பேசவில்லை.

இந்தப் போலிக் குணகம் பட்டை இடைவெளியை எப்படிக் கெடுக்கிறது என்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. டாக், க்ரிகோரோவிச்சி, வான்கு மூவரும் 1966-ல் படிக ஒழுங்கற்ற ஜெர்மானியத்துக்காகத் தொடங்கிய வரைமுறை இது. உட்கவர் குணகத்தையும் ஃபோட்டான் ஆற்றலையும் பெருக்கி, எலக்ட்ரான் தாவப் படிக அதிர்வின் துணையும் வேண்டிய மறைமுகப் பட்டை இடைவெளியுள்ள பொருளென்றால் அதன் வர்க்கமூலத்தையும், ஒளி மட்டும் போதுமான நேரடி இடைவெளி என்றால் வர்க்கத்தையும் ஆற்றலுக்கு எதிராக வரைவார்கள். அனடேஸ் மறைமுக இடைவெளிப் பொருள் என்பது பாடப்புத்தகச் சேதி. மாணவியும் முதலில் வர்க்கமூலத்தைத்தான் வரைந்திருக்கிறார். ஒரு பூச்சுக்கு 2.9-ஐ ஒட்டியும், ஐந்து பூச்சுக்கு 3.15-ஐ ஒட்டியும் வந்திருக்கிறது. 2.9 யாருக்கும் பிடிக்கவில்லை. வர்க்கத்தை வரைந்தபோது கோடு நேராக வந்தது, பொருத்தமும் 0.99. "அப்போ நேரடி இடைவெளிதான்" என்று தீர்ப்பாகிவிட்டது.

நடந்தது என்னவென்றால், இல்லாத அந்த 70,000 எல்லாப் புள்ளிக்கும் அடியில் ஒரு மேடைபோலக் கிடக்கிறது. வர்க்கமூலம் எடுத்தால் சின்ன எண்கள் ஒப்பளவில் பெரிதாகித் தெரியும், மேடை தூக்கலாக எழுந்து கோட்டை இடப்பக்கம், அதாவது குறைந்த ஆற்றலுக்கு இழுத்துவிடும். வர்க்கம் எடுத்தால் பெரிய எண்களின் ஆட்டத்தில் மேடை அமுங்கிப்போகும், கோடு அழகாகத் தெரியும். கடகடவென ஏறுகிற எந்த வளைகோட்டையும் வர்க்கப்படுத்தி அதன் உச்சிப் பகுதியை மட்டும் பார்த்தால் நேர்கோடாகத்தான் தோன்றும். 0.99 என்ற பொருத்தம் அங்கே எதையும் நிரூபிக்காது.

சரி, வர்க்க வரைபடத்தில் மேடை அமுங்கிவிட்டது என்றால் 3.71-க்கும் 3.48-க்கும் வித்தியாசம் ஏன்? ஒவ்வொரு படலமும் ஆற்றலின் ஒரு பகுதியைத்தான் நமக்குக் காட்டும். தடிமனான படலம் 3.65 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டினால் ஒளியை ஏறக்குறைய முழுதாக அடைத்துவிடும். அதற்கு மேல் கருவி காட்டுவது அதன் இருட்டு அளவையும் உள்ளே அலையும் வேண்டாத ஒளியையும்தான். ஒளிப்பாதையில் அட்டையை வைத்து மறைத்துப் பார்த்தால் அந்தக் கருவி 0.2 சதவீதம் என்றது; அதற்குக் கீழே அது சொல்லும் எதையும் நம்ப முடியாது. எனவே ஐந்து பூச்சுப் படலத்துக்குக் கோடு 3.5 முதல் 3.65 வரை உள்ள பகுதியில் வரையப்படுகிறது. மெல்லிய படலமோ 3.9 வரை ஒளியை விடும், கோடு அங்கே போய் வரையப்படுகிறது. வளைந்த கோட்டுக்கு வெவ்வேறு இடத்தில் தொடுகோடு போட்டால் வெவ்வேறு இடத்தில்தான் அச்சைத் தொடும்.

அதோடு, 3.9 எலக்ட்ரான் வோல்ட் என்றால் 318 நானோமீட்டர். சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி ஸ்லைடு 350-க்குக் கீழே மெல்லச் சரியத் தொடங்கி, 300-ஐ நெருங்கும்போது புற ஊதாவை ஏறக்குறைய அடைத்துவிடும். ஒப்பீட்டுப் பாதையில் காற்றை வைத்து அளந்ததால் கண்ணாடி தின்ற ஒளியும் படலத்தின் கணக்கில் ஏறியது. 3.71-ல் ஒரு பங்கு கண்ணாடியினுடையது.

சில்லறை விஷயங்கள்

350 நானோமீட்டரில் வளைகோட்டில் ஒரு சின்னப் படி இருந்தது. கட்டுரையில் அதைக் குறைபாட்டு ஆற்றல் மட்டம் என்று எழுதியிருந்தார்கள். டியூட்டீரியம் விளக்கிலிருந்து டங்ஸ்டன் விளக்குக்குக் கருவி மாறுகிற இடம் அது. மென்பொருளில் மாற்றப் புள்ளியை 400-க்குத் தள்ளியதும் படியும் கூடவே போய்விட்டது. படிக ஒழுங்கின்மைக்கு அளவாகச் சொல்லப்படும் அர்பாக் ஆற்றல் என்று பட்டை விளிம்பின் வாலிலிருந்து ஓர் எண் எடுத்திருந்தார்கள். அந்த வாலே பெரும்பாலும் மேடையின் வேலை என்பதால் அதையும் எடுத்துவிட்டோம்.

மழைக்காலத்து ஒளிவிலகல் எண்

ஜூன் மாதச் சாரலில் இன்னொரு குழப்பம் வந்தது. திருத்திப் போட்ட படலத்தின் பள்ளம் 566-ல் இருந்ததல்லவா, ஒரு வாரம் மேசைமேல் பெட்ரி டிஷ்ஷில் கிடந்த பிறகு அதே படலத்தில் அதே இடத்தை அளந்தால் 578. மாணவிக்கு முகம் வாடிவிட்டது, மறுபடியும் தப்பா என்று. தப்பில்லை. படலத்தை 120 டிகிரியில் அரைமணி நேரம் வைத்து, ஆறியதும் உடனே அளந்தபோது பள்ளம் 566-க்கே திரும்பி வந்தது. திரும்பவும் ராத்திரி முழுக்க வெளியே வைத்தால் மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது.

படலத்தில் நுண்துளைகள் இருக்கின்றன. ஈரக்காற்றில் அவற்றுக்குள் நீர் ஒதுங்குகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1, நீருக்கு 1.33. துளையில் காற்று போய் நீர் வந்தால் படலத்தின் சராசரி எண் உயரும், அலைகள் சிவப்புப் பக்கம் நகரும். 566-லிருந்து 578 என்றால் 2.02 போய் 2.06. சிறிய மாற்றந்தான், ஆனால் நுண்துளையின் அளவைக் கணக்கிடப் போகிறவருக்குச் சிறியதல்ல. எங்கோ வறண்ட ஊரில் ஏசி அறையில் அளந்தவரின் எண்ணோடு நம்முடையதை ஒப்பிடும்போதும் அப்படித்தான். ஈரம் புகாத பெட்டியான டெசிகேட்டரில் வைத்து, சூடுகாட்டி, ஆறியவுடன் அளப்பது என்று வழக்கத்தை மாற்றியாயிற்று. அந்தத் தேதியின் ஈரப்பதத்தையும் நோட்டில் எழுதச் சொன்னேன்.

நுண்துளை அளவு என்று சொன்னேன். அதிலும் ஒரு எச்சரிக்கை. 2.02-ஐ வைத்து ஆய்வேடுகளில் அதிகம் புழங்கும் எளிய சூத்திரத்தில், அதாவது எண்ணின் வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்து, முழுப் பொருளின் அதே அளவால் வகுத்து, வந்ததை ஒன்றிலிருந்து கழிக்கும் சூத்திரத்தில் போட்டால் 41 சதவீதம் துளை என்று வரும். லாரென்ட்ஸ்-லோரென்ஸ் சூத்திரத்தில் போட்டால் 20. ஒரே படலம், பாதிக்குப் பாதி. எந்தச் சூத்திரம் என்று சொல்லாமல் சதவீதத்தை மட்டும் எழுதுவதில் அர்த்தமே இல்லை. கட்டுரையில் இரண்டையும் பெயரோடு போடச் சொன்னேன். நெறியாளருக்கு அரை மனசு.

திருத்திய அளவீடு

கருவியோடு வந்த எதிரொளிப்பு இணைப்பு அட்டைப்பெட்டியிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மாட்டி, எதிரொளிப்பு அளவு தெரிந்த அலுமினிய ஆடியை ஒப்பீடாக வைத்து, படலத்தின் ஒரே இடத்தில் ஊடுருவலையும் எதிரொளிப்பையும் எடுத்தோம். உட்கவர்தல் இல்லாத 600 முதல் 800 நானோமீட்டர் வரையிலான பகுதியில் இரண்டின் கூட்டுத்தொகை 100-ஐத் தொட வேண்டும். 98.5 முதல் 99.5 வரை வந்தது. குறைந்தது கொஞ்சம் சிதறல். ஏற்றுக்கொள்ளலாம்.

பிறகு குணகத்தைக் கணக்கிட்டது இப்படி: நூறு பங்கிலிருந்து எதிரொளிப்பைக் கழித்து, மிஞ்சியதை ஊடுருவலால் வகுத்து, அதன் இயல் மடக்கையைத் தடிமனால் வகுப்பது. இது துல்லியமான சூத்திரமல்ல, நல்ல தோராயம். ஆனால் குறுக்கீட்டு அலைகள் இரண்டிலும் எதிரெதிராக இருப்பதால் பெருமளவு அடிபட்டுப் போகின்றன, மேடையும் காணாமல் போகிறது. 566-ல் முன்பு 14,000 என்று நின்ற எண் சில நூறுக்கு இறங்கியது. அதுவும் சிதறலின் மிச்சந்தான்.

கண்ணாடியின் தொல்லையைத் தவிர்க்கக் குவார்ட்ஸ் துண்டுகள் வாங்கினார்கள். ஒரு துண்டின் விலைக்கு ஸ்லைடு பெட்டிகளாகவே வாங்கலாம், அதனால் கைவிட்டு எண்ணக்கூடிய துண்டுகள்தான். குவார்ட்ஸில் வேறொரு சிக்கல் உண்டு. சோடாக் கண்ணாடியில் சுடும்போது சோடியம் படலத்துக்குள் ஏறி அனடேஸ் படிகமாவதைக் கொஞ்சம் தடுக்கும். குவார்ட்ஸில் அது நடக்காது. ஆக அடித்தளத்தை மாற்றினால் படலமும் சற்று மாறிவிடுகிறது. இரண்டிலும் போட்டு, கண்ணாடி அதிகம் குறுக்கே வராத 335 நானோமீட்டருக்கு மேற்பட்ட பகுதியை மட்டும் ஒப்பிட்டோம்.

இப்போது ஒரு பூச்சின் குணகமும் ஐந்து பூச்சின் குணகமும் ஒரே தாளில் வரையப்பட்டன. சென்டிமீட்டருக்கு 15,000 முதல் 80,000 வரை, இரண்டு படலமும் நம்பத்தக்க அளவு தருகிற அந்தப் பொதுப் பகுதியில், வளைகோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்தன. ஒரு பூச்சின் கோடு சற்று மேலே ஓடுகிறது. 70 நானோமீட்டர் படியை ஊசியால் அளப்பதில் 5 நானோமீட்டர் முன்பின் இருக்கும் என்பதால் அந்த வித்தியாசம் எதிர்பார்த்ததே.

அந்தப் பொதுப் பகுதியில் மட்டும் வர்க்கமூல வரைபடம் போட்டதில் ஒரு பூச்சுக்கு 3.27, ஐந்து பூச்சுக்கு 3.24 எலக்ட்ரான் வோல்ட். கோட்டின் இரு முனைகளையும் கொஞ்சம் முன்பின் நகர்த்திப் பார்த்தால் இரண்டுமே 0.03 ஆடுகிறது. எனவே கட்டுரையில் இரண்டுக்கும் சேர்த்து 3.25, முன்பின் 0.03 என்று ஒரே எண். தலைப்பிலிருந்து குவாண்டம் அடைப்பு போய்விட்டது. ஈரப்பதத்தால் ஒளிவிலகல் எண் நகர்வது புதிதாக ஒரு பகுதியாகச் சேர்ந்திருக்கிறது. என்னைக் கேட்டால் கட்டுரையில் படிக்கத் தக்கது அதுதான்.

ஏழு பூச்சுப் படலம் ஒன்றும் இருந்தது. அதில் ஊடுருவலும் எதிரொளிப்பும் கூட்டினால் 94-தான் வருகிறது. கண்ணால் பார்த்தாலே லேசாகப் பால் படர்ந்த மாதிரி இருக்கிறது, நுண்ணோக்கியில் விரிசலும் தெரிகிறது. சிதறிய ஒளியையும் சேர்த்துப் பிடிக்கும் கோளம் இல்லாமல் அதன் உட்கவர் குணகத்தைச் சொல்ல வழியில்லை. அந்தக் கருவி இருக்கும் இடத்தில் நேரம் கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. அதுவரை ஏழு பூச்சுப் படலம் அட்டவணையில் இல்லை.